ஆபரேஷன் ஒரு நாள்... டயட் ஆயுசு முழுக்க! எடைக்குறைப்பு சிகிச்சைக்குப் பிறகு பொறுப்பு யாருக்கு?

செந்துறையில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து பந்தி ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து மூணு மாசம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில் கேசரி, வடை, பொரியல், சாம்பார், வத்தக்குழம்பு என வரிசையாக வந்து விழுகிறது. ரெண்டு வாய் பருப்பு சாதம், கொஞ்சம் கூட்டு. அவ்வளவுதான், வயிறு நிறைந்துவிட்டது. நிறுத்துகிறீர்கள்.

பக்கத்து இலையில் சித்தப்பா. "என்னடா இது, கோழி கொத்துன மாதிரி கொத்திட்டு வச்சிருக்க? ஒரு நாள் சாப்புட்டா ஒண்ணும் ஆயிடாது, சாப்புடு!" எதிர் வரிசையில் அத்தை. "பாவம், மூஞ்சியே ஒட்டிப்போச்சு. இந்த ஆபரேஷன் எல்லாம் நமக்கு எதுக்குப்பா?" நீங்கள் பதில் சொல்வதற்குள், பரிமாறுகிறவர் ஒரு கரண்டி பாயசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

இப்போ என்ன செய்வீங்க?

சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால், லட்சக்கணக்கில் செலவு செய்து பண்ணும் ஓர் ஆபரேஷன் பலன் தருமா தராதா என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான் முடிவாகிறது. ஆபரேஷன் தியேட்டரைப் பற்றி நாம் நிறைய பேசிவிட்டோம். பந்தியைப் பற்றி பேசவே இல்லை.

2024-ல் நாம் என்ன பேசினோம்?

2024 ஏப்ரல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், எடைக்குறைப்பு சிகிச்சைக்காக சென்னை பம்மலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். சிகிச்சை தொடங்கிய சிறிது நேரத்திலேயே உடல்நிலை மோசமானது. வேறு மருத்துவமனைக்குக் கொண்டு போயும் காப்பாற்ற முடியவில்லை. அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த மருத்துவமனையின் பதிவும் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விதான்: 'இந்த ஆபரேஷன் சேஃபா?' நியாயமான கேள்வி. ஆனால், அதற்குள் ஒரு குழப்பமும் கலந்திருந்தது. 2022-ல் பெங்களூரில் 21 வயது கன்னட சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். பலரும் இரண்டையும் ஒரே சிகிச்சை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டும் வேறு வேறு. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைப்போசக்‌ஷன். அது உடலின் வடிவத்தை மாற்றும் அழகு சிகிச்சை. 'பேரியாட்ரிக் சர்ஜரி' எனப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் இரைப்பையும், சில வகைகளில் குடலும் மாற்றி அமைக்கப்படுகின்றன. நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜெட்லி 2014-லும் செய்துகொண்டது இந்த இரண்டாவது வகையைத்தான்.

இன்னொரு விஷயம், 'சேஃபா?' என்ற கேள்வி ஆபரேஷன் நாளோடு முடிந்துவிடுவதில்லை. தியேட்டரில் இருக்கும்வரை டாக்டர் பார்த்துக்கொள்வார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு?

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

சாதாரணமாக நம் இரைப்பை விரிந்தால் ஒரு லிட்டருக்கு மேலேயே கொள்ளும். 'ஸ்லீவ்' முறையில் அதில் சுமார் 75 முதல் 80 சதவிகிதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். ஆரம்பத்தில் டீக்கடை கிளாஸ் ஒன்றில் பிடிக்கும் அளவுதான் அதில் கொள்ளும். வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மி.லி கொள்ளும் சின்ன பை ஒன்றை உருவாக்கி, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். 30 மி.லி என்றால் இருமல் மருந்து மூடியில் மூணு மூடி. அவ்வளவுதான்.

அளவு குறைவது மட்டுமல்ல, பசியைத் தூண்டும் 'கிரெலின்' போன்ற ஹார்மோன்களும் மாறுகின்றன. அதனால்தான் முதல் சில மாதங்களில் பலருக்குப் பசியே தெரியாது. பலருக்கு சர்க்கரை அளவும் சீக்கிரமே குறையத் தொடங்கும்.

யாருக்குச் செய்யலாம்? 1991-ல் அமெரிக்காவில் போட்ட கணக்கு: பி.எம்.ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சுகர், பி.பி போன்ற நோய்களும் இருக்க வேண்டும். 2022-ல் அமெரிக்க, சர்வதேச அறுவை சிகிச்சை நிபுணர் அமைப்புகள் இணைந்து அந்த வரம்பைத் தளர்த்தின. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வருவதால், 27.5 பி.எம்.ஐ-யிலிருந்தே பரிசீலிக்கலாம் என்றன. 165 செ.மீ உயரம் உள்ளவருக்கு அது வெறும் 75 கிலோ!

ஆனால், இந்தியாவில் மருத்துவ இன்ஷூரன்ஸ் விதிகள் இன்னும் பழைய 40/35 கணக்கில்தான் நிற்கின்றன. அப்படியென்றால், நடுவில் இருப்பவர்கள் கைக்காசு போட்டுத்தான் செய்ய வேண்டும். கையில் இருப்பதையெல்லாம் ஆபரேஷனுக்கே செலவழித்துவிட்டால், அடுத்த பத்து வருஷத்துக்கான மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எங்கே போவது? 'பேக்கேஜ்' விலை கேட்கும்போது நாம் கேட்க மறக்கும் கேள்வி இது.

நம்ம அடுப்படியில் இந்த டயட் எப்படி இருக்கும்?

மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். பொதுவான வரிசை இதுதான்.

முதல் ஓரிரு நாள்கள் தண்ணீர், தெளிந்த சூப், இளநீர் போன்ற தெளிவான திரவங்கள். பிறகு சுமார் 2 வாரங்கள் வரை மோர், கொழுப்பு நீக்கிய பால், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பானம். 3-வது, 4-வது வாரம் மிக்ஸியில் அரைத்த உணவு. அடுத்த 2 வாரங்கள் குழைந்த பருப்பு, வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் என மென்மையானவை. அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாடு. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால், உள்ளே தையல் போட்ட இடத்துக்கு ஆபத்து.

அதற்குப் பிறகு வருபவைதான் வாழ்நாள் விதிகள்.

1. முதலில் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஓர் இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். இட்லியை மட்டும் நம்பினால் 30 இட்லி சாப்பிட வேண்டும். உங்கள் வயிறு ரெண்டுக்கே மூச்சு வாங்கும். 2 முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பால் அல்லது மோராக்காத தயிரில் சுமார் 16, ஒரு கப் சுண்டலில் 8, நூறு கிராம் கோழி அல்லது மீனில் 20-க்கு மேல். கூட்டிப் பார்த்தால் கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடும். தட்டில் முதலில் இதைச் சாப்பிட்டு, இடம் இருந்தால் காய், அதற்கும் பிறகு இடம் இருந்தால்தான் சோறு. நாம் பழகியதற்கு அப்படியே தலைகீழ்!

2. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துதான் தண்ணீர். ஆனால், நாள் முழுக்க மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும். அரியலூர் வெயிலில் வயல், சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் லாரி என்று வேலை செய்கிறவர்கள் ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் அவர்களுக்குப் பெரிய சவால்.

3. மெதுவா மெல்லுங்க. 20, 30 நிமிடங்கள் எடுத்துச் சாப்பிடுங்கள். மொபைலை ஓரமாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

4. மாத்திரை ஆயுசுக்கும். மல்டிவைட்டமின், பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி. இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று தடுக்கும். 2 மணி நேர இடைவெளி வேண்டும். 'முடி கொட்டுதே' என்று 4-வது மாதம் பயப்படுவீர்கள். எடை வேகமாகக் குறையும்போது அது சகஜம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால், தொடர்ந்து கொட்டினால் சத்துக்குறைபாடா என்று பார்க்க வேண்டும்.

5. வலி மாத்திரையில் உஷார். உடம்பு வலி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம். சிகரெட்டுக்கும் அதே எச்சரிக்கை.

6. மது. ஆபரேஷனுக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும். பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் 2-வது ஆண்டில் குடிப்பிரச்னை அதிகரித்ததாக 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொன்னது. 'சாப்பாட்டைத்தான் குறைச்சாச்சே, இது மட்டும்' என்பது மோசமான பண்டமாற்று.

7. கர்ப்பத்துக்கு அவசரம் வேண்டாம். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால், 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். வேறு வழியை டாக்டரிடம் கேளுங்கள். 'கல்யாணம் ஆகி மூணு வருஷமாச்சு, உடம்பும் குறைஞ்சாச்சு, அப்புறம் என்ன?' என்று மாமியார் கேட்டால், இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

ஒரு பாட்டில் குளுக்கோஸில் இருக்கும் ஆபத்து

இது கிராமங்களுக்கும் சிறு நகரங்களுக்கும் ரொம்ப முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு விடாமல் வாந்தி வரும். நம்ம ஊர் வழக்கம் என்ன? பக்கத்து கிளினிக்கில் போய் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க' என்போம்.

நம் உடலில் வைட்டமின் பி1 இருப்பு 2, 3 வாரங்களுக்குத்தான் வரும். சாப்பாடும் குறைந்து வாந்தியும் தொடர்ந்தால் அது தீர்ந்துபோகும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது ஆகியவை அதன் அறிகுறிகள்.

அதனால், எந்த டாக்டரிடம் போனாலும், எந்த நோய்க்காகப் போனாலும், முதல் வார்த்தையே 'எனக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு' என்பதாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் மொபைலிலும்!

இரண்டாவது வருஷம்தான் பரீட்சை

முதல் வருஷம் எல்லோரும் ஹீரோதான். பேன்ட் லூஸ் ஆகும், போட்டோவுக்கு லைக்ஸ் குவியும். அதற்குப் பிறகு?

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு ஒன்று, ஆபரேஷன் செய்த சுமார் 2,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பைபாஸ் செய்தவர்கள் முதல் 2 வருடங்களுக்குள் உடல் எடையில் சராசரியாக 32 சதவிகிதத்தைக் குறைத்தார்கள். 10 வருடம் கழித்து அது 25 சதவிகிதமாக நின்றது. ஆபரேஷன் செய்துகொள்ளாத குழுவைவிட இவர்களிடம் இறப்பும் குறைவு என்று 2007-ல் வெளியான முடிவு சொன்னது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, சிகிச்சை உண்மையிலேயே பலன் தருகிறது. இரண்டு, கொஞ்சம் எடை திரும்ப வருவது இயல்பு. 3 கிலோ ஏறியதும் 'எல்லாம் போச்சு' என்று டாக்டரைப் பார்க்கவே வெட்கப்பட்டு ஒதுங்குகிறவர்களுக்குத்தான் 3 கிலோ 13 கிலோவாகிறது.

திரும்ப ஏறுவதற்கு முக்கியக் காரணம் விருந்து அல்ல, கொறிப்பது. சின்ன வயிற்றால் ஒரே நேரத்தில் நிறைய சாப்பிட முடியாது. ஆனால், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகும். செந்துறை பக்கம் முந்திரித் தோப்புகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டு டப்பாவில் முந்திரி இருக்கும். 100 கிராம் முந்திரியில் சுமார் 550 கலோரி! போகும்போது நாலு, வரும்போது நாலு என்று எடுத்தால், சாயங்காலத்துக்குள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான கலோரி சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். சர்க்கரை போட்ட டீ, ஜூஸ், ரோஸ் மில்க் எல்லாம் இன்னும் மோசம். திரவம் என்பதால் வயிற்றில் நிற்காமல் இறங்கிவிடும். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சட்டென்று குடலில் இறங்கினால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரும். அந்தப் பாயசக் கரண்டி இப்போ புரிகிறதா?

சரி, பொறுப்பு யாருக்கு?

'ஆபரேஷன் பண்ணியும் மறுபடி வெயிட் போட்டுட்டான், வாயைக் கட்ட முடியல' - எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! உடல் பருமன் ஒரு நீண்டகால நோய். பரம்பரை, ஹார்மோன், தூக்கம், மனஅழுத்தம், மருந்துகள் எனப் பல காரணங்கள் அதன் பின்னால் இருக்கின்றன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 40.4 சதவிகிதப் பெண்களும், 37 சதவிகித ஆண்களும் அதிக எடை கொண்டவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வாய்க்கட்டுப்பாடு போய்விட்டதா என்ன?

அதே நேரம், மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 'எனக்கு ஹார்மோன் பிரச்னை' என்று சொல்லிக்கொண்டு மாத்திரையை நிறுத்துவதும், செக்-அப்பைத் தள்ளிப்போடுவதும் நம் தப்புதான். தட்டில் எதை முதலில் எடுப்பது, பாயசத்தை வேண்டாம் என்று சொல்வது, பி12 மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைப்பது... இதை நமக்காக வேறு யாரும் செய்ய முடியாது. இந்தப் பங்கு உங்களுடையது, முழுசாக.

ஆனால், அது ஒரு பங்குதான்.

மருத்துவமனைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே உணவு ஆலோசகரையும் தேவைப்பட்டால் மனநல நிபுணரையும் பார்க்க வைப்பது, முதல் வருடம் அடிக்கடியும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் கூப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் சிகிச்சையில் அடக்கம். ஓட்ஸ், பிராக்கோலி, கிரீக் யோகர்ட் என்று அச்சடித்த தாளைச் செந்துறைக்காரர் கையில் கொடுத்தால் அது டயட் சார்ட் ஆகாது. சுண்டலும் மோரும் கேழ்வரகும் இருக்கும் தாளைக் கொடுப்பதுதான் சிகிச்சை.

குடும்பத்துக்கு ஒரு பங்கு. வீட்டில் ஐந்து பேருக்குப் பரோட்டா, ஒருத்தருக்கு மட்டும் பருப்புத் தண்ணீர் என்றால் அது எத்தனை நாள் ஓடும்? சமைக்கிறவரே ஆபரேஷன் செய்துகொண்ட பெண் என்றால் நிலைமை இன்னும் கஷ்டம். எல்லோருக்கும் பரிமாறி, மிச்சம் இருப்பதை 'வீணாகுதே' என்று வாயில் போடும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

அரசுக்கும் ஒரு பங்கு. இந்த ஆபரேஷன்கள் நடப்பது சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில். செந்துறையிலிருந்து ஒவ்வொரு செக்-அப்புக்கும் அரியலூர் போய், அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். மூணாவது தடவையில் 'நல்லாத்தானே இருக்கோம்' என்று தோன்றுவது இயற்கை. சோம்பேறித்தனம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. தூரமும் காசும்தான் அங்கே தீர்மானிக்கின்றன.

வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அரியலூரிலேயே இருக்கிறது. எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, ரத்தப் பரிசோதனையை அரியலூரிலேயே எடுத்து, முடிவை ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அனுப்பினால், பாதிப் பயணம் மிச்சம். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை, இருப்பதை இணைத்தால் போதும்.

ஊசி வந்தாச்சே, இனி இதெல்லாம் எதுக்கு?

2025 மார்ச்சில் 'மவுஞ்சாரோ', ஜூனில் 'வெகோவி' என எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. 'கத்தியே வேண்டாம், ஊசி போதும்' என்று ரீல்ஸ் ஓடுகிறது. ஆனால், கதை அங்கேயும் அதேதான். வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்தை நிறுத்தியவர்கள், ஒரே வருடத்தில் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. கத்தியோ, ஊசியோ, தொடர்ந்து கவனிக்க வேண்டிய வேலை குறையப்போவதில்லை.

கையெழுத்துப் போடும் முன் 5 கேள்விகள்

நீங்களோ, உங்கள் அண்ணனோ, அக்காவோ இந்த ஆபரேஷனைப் பற்றி யோசித்தால், டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. எனக்கு எந்த வகை ஆபரேஷன், ஏன் அது? திரும்ப மாற்ற முடியுமா?
2. அவசரம் என்றால் ஐ.சி.யூ இதே கட்டடத்தில் இருக்கிறதா?
3. பேக்கேஜில் எத்தனை வருட செக்-அப் அடக்கம்? மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?
4. என் ஊரிலேயே ரத்தப் பரிசோதனை செய்து, போனில் ஆலோசனை பெற முடியுமா?
5. ராத்திரி வாந்தி நிற்கவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு நம்பரும் பதிலாகக் கிடைக்கவில்லை என்றால், கையெழுத்துப் போட அவசரப்படாதீங்க.

இப்போ மறுபடி அந்தப் பந்திக்கு வருவோம். ஒருவேளை அங்கே நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர் இல்லை, பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயச வாளி வருகிறது. உங்கள் தம்பி தயங்கித் தயங்கி இலையை மறைக்கிறான்.

"அவனுக்கு வேணாம்ணே, எனக்கு ஊத்துங்க" என்று நீங்கள் சொன்னால் போதும். அவன் பொறுப்பில் ஒரு கரண்டியை நீங்கள் சுமந்துவிட்டீர்கள்.